ஒன்றும் நடக்கவில்லையாம்!

2000-ம் வருஷம் பிறக்கும்போது உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதிக் கோளாறு வந்து, வியாபாரமும் வாழ்க்கையும் நிலைகுலைந்து போகும் என்று அதற்கு முந்திய சில வருஷங்களில் எங்கும் பேசப்பட்டதும், அதைத் தடுப்பதற்காகக் கோடி கோடியாகப் பணம் செலவழிக்கப்பட்டதும், கடைசியில் அந்த ஜனவரி 1-ந் தேதி பொழுது விடிந்தபோது விளக்குகள் எரிந்துகொண்டும், ரயில்கள் ஓடிக்கொண்டும், டெலிபோன்கள் மணி அடித்துக்கொண்டும் இருந்ததும் நமது வாசகர்களில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகமிருக்கும்.

அதைப் பற்றி இன்றைக்கு விருதுநகர் கடைவீதியிலானாலும் சரி, சிவகாசி அச்சாபீஸ் வாசலிலானாலும் சரி, யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றேதான். "அதெல்லாம் பெரிய புரளி ஐயா! ஒன்றும் நடக்கவில்லையே!" என்பார்கள். படித்தவரும் இதையே சொல்லுகின்றார்; படியாதவரும் இதையே சொல்லுகின்றார். ஆனால், "ஒன்றும் நடக்கவில்லையே" என்கின்ற இந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய ஆபத்து அடங்கிக் கிடக்கின்றது என்பதை யாரும் யோசித்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. வெடிமருந்துக்கு மத்தியில் பிழைப்பு நடத்துகின்ற நமது ஜில்லாக்காரர்களாவது இதைச் சற்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இன்று இதை எழுதுகின்றோம்.

கோளாறு என்பது என்ன?

முதலில், அந்தக் கோளாறு என்னவென்பதைத் தெரிந்துகொள்ளுவோம். விருதுநகர் மண்டி ஒன்றில் வத்தல் மிளகாய்க்காக ஒரு வியாபாரிக்கு 1998-ம் வருஷம் கடன் கொடுத்து, 2001-ம் வருஷம் தவணை என்று எழுதிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை சுருக்கமாகப் பேரேட்டில் "98" என்றும் "01" என்றும் எழுதுகின்றார். கடன் எத்தனை வருஷம் நின்றது என்று கேட்டால் அவர் யோசிக்காமலே மூன்று வருஷம் என்று சொல்லிவிடுவார். ஏனென்றால் அவருக்குப் புத்தி இருக்கின்றது. யந்திரத்துக்கோ புத்தி கிடையாது. கூட்டல் கழித்தல் மாத்திரம்தான் உண்டு. அது ஒன்றிலிருந்து தொண்ணூற்றெட்டைக் கழித்து, தொண்ணூற்றேழு வருஷம் பின்னுக்குப் போய்விட்டதென்று கணக்கெழுதும். கொடுக்க வேண்டியவன் வாங்க வேண்டியவன் ஆவான். இன்று பிறந்த குழந்தைக்கு நூறு வயது என்னும். நேற்றுச் செய்த மருந்தைக் காலாவதியான சரக்கென்று தள்ளும்.

இப்படி வருஷத்தை இரண்டே எண்ணில் எழுதிவைத்தது முட்டாள்தனத்தால் அல்ல. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டருக்குச் சங்கதிகளைக் கொடுத்தது ஓட்டை போட்ட அட்டைகளின் மூலமாகும். ஓர் அட்டையில் 80 எழுத்துக்குமேல் இடம் கிடையாது. யந்திரத்தின் ஞாபக அறையோ தங்கத்தைப்போல் விலை ஏறியிருந்தது. ஆகவே "பத்தொன்பது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதற்கு ஏன் இரண்டு இடம்?" என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அது சிக்கனம். ஆனால், தாத்தா மிச்சம் பிடித்ததைப் பேரன் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டி வந்தது. "நாம் எழுதிய கணக்கு முப்பது வருஷத்துக்கா ஓடப்போகின்றது? அதற்குள் யாராவது மாற்றிவிடுவார்கள்" என்று ஒவ்வொருவரும் அடுத்தவர்மேல் போட்டார்கள். பாப் பீமர் என்னும் அமெரிக்க நிபுணர் 1971-ம் வருஷத்திலேயே இதைப் பத்திரிகையில் எழுதி எச்சரித்தார். கேட்பார் இல்லை.

நம்முடைய சக்கரம்

இதைக் கேட்டவுடன் "மேல்நாட்டான் புத்தி இவ்வளவுதானா!" என்று நகைக்கின்ற பஞ்சாங்கப் பண்டிதர்களை ஒன்று கேட்கின்றோம். ஒரு பழைய பத்திரத்தில் "பிரமாதி வருஷம் தை மாதம்" என்று மாத்திரம் கண்டிருந்தால், அது 1880-ஐச் சேர்ந்ததா? 1940-ஐச் சேர்ந்ததா? 2000-ஐச் சேர்ந்ததா? எந்தப் பண்டிதராவது சொல்ல முடியுமா? பிரபவ முதல் அட்சய வரையில் அறுபது பெயர்களை வைத்துக்கொண்டு, தீர்ந்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பதென்றால், நூறு வருஷத்துக்கு ஒரு முறை சுற்றிய கம்ப்யூட்டர்க்காரன் கணக்கைவிட நம்முடையது நாற்பது வருஷம் முந்தியே சுற்றிவிடுகின்றது. பழைய காலத்தில் பத்திரம் எழுதியவர்களுக்கே இந்தக் கஷ்டம் தெரிந்திருந்தபடியால்தான், நமது தென்பகுதியில் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதி வந்தார்கள். இன்றைக்குத் திருவள்ளுவர் ஆண்டு என்று தொடர்ச்சியாக எண்ணப்படும் ஒரு கணக்கும் நமக்கு இருக்கின்றது.

வேடிக்கை என்னவென்றால், 2000 ஜனவரி 1-ந் தேதியும் மேற்படி பிரமாதி வருஷத்து மார்கழியில்தான் வந்தது. ஆனால் அவன் தன் பிழையைப் பிழை என்று ஒப்புக்கொண்டு, உட்கார்ந்து திருத்தினான். நாமோ நம்முடைய பிழைக்கு ஒரு புராணக் கதை கட்டி, அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கின்றோம். வித்தியாசம் இவ்வளவுதான்.

நடந்தது என்ன?

நிற்க, "ஒன்றும் நடக்கவில்லை" என்பது உண்மைதானா என்று பார்ப்போம்.

1997-ம் வருஷத்திலேயே அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஒரு காய்கறிக் கடைக்காரர், தம் கடையின் பில் யந்திரங்களை விற்ற கம்பெனியின்மேல் வழக்குப் போட்டார். காரணம், "00" என்று காலக்கெடு அச்சடித்த பாங்கிக் கார்டு ஒன்றைத் தேய்த்த மாத்திரத்தில் கடையிலிருந்த யந்திரங்கள் படுத்துவிட்டதுதான். 1999 டிசம்பர் 28-ந் தேதி இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான கடைகளில் கார்டு தேய்க்கும் கருவிகள் நின்றுபோயின. அவை நான்கு நாள் முன்னால் எண்ணிப் பார்த்ததால் 2000-ம் வருஷம் அவற்றுக்கு அன்றே பிறந்துவிட்டது. வருஷம் பிறந்த சில நிமிஷங்களில் ஜப்பானில் ஓனகாவா அணுமின் நிலையத்தில் அபாயமணி காரணமின்றி அடித்தது. அமெரிக்கர்களின் வேவு பார்க்கும் செயற்கைக் கோள்கள் அனுப்பிய படங்களைத் தரையிலிருந்த கம்ப்யூட்டர்களால் சில நாள்வரை சரியாக வாங்க முடியவில்லை.

இவையெல்லாவற்றையும்விடக் கொடியது இங்கிலாந்தில் ஷெபீல்டு நகர ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது. கர்ப்பிணிகளின் வயதைக் கணக்கிட்டு, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பிறவிக் குறை இருக்குமா என்று சொல்லும் கம்ப்யூட்டர், 2000-ம் வருஷத்தின் முதல் மாதங்களில் தாய்மார்களின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, ஆபத்து இருந்தும் ஆபத்துக் குறைவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மே மாதம் வரையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தாய்மார்களிடம் போய் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று இவர்கள் சொல்லுவார்களா?

இவ்வளவோடு நின்றதற்குக் காரணம் என்ன? அதற்கு முந்திய நான்கைந்து வருஷங்களாக உலகமெங்கும் லட்சக்கணக்கான பேர் இராப்பகலாக உட்கார்ந்து, பழைய கணக்குகளை வரி வரியாகப் படித்து, தேதி வருகின்ற ஒவ்வோர் இடத்தையும் தேடித் திருத்தியதேயாகும். அதற்கு ஆன செலவு உலகம் முழுவதற்கும் 30,000 கோடி டாலருக்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள். அந்த வேலையில் பெரும்பங்கு செய்தவர்கள் சென்னை, பெங்களூர், ஹைதராபாத், மும்பை முதலிய ஊர்களிலிருந்த நமது பிள்ளைகளேயாவர். கோபால் என்னும் பழைய கம்ப்யூட்டர் பாஷையை மேல்நாட்டுப் பிள்ளைகள் கைவிட்டிருந்த சமயத்தில் நமது பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டு போனார்கள். டாடா கன்ஸல்டன்ஸி கம்பெனி சென்னையில் இதற்கென்றே ஒரு தொழிற்சாலையைப் போல் அமைத்து வேலை வாங்கிற்று. இன்று நமது கிராமத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று சொல்லிக்கொண்டு சீமைக்குப் போகின்றார்களே, அந்தக் கதவு அகலமாகத் திறந்தது இந்தத் தேதிக் கோளாறினால்தான் என்று சொன்னால் மிகையாகாது. ஜாதகம் பார்த்துத் திறக்கவில்லை. வேலை தெரிந்திருந்ததால் திறந்தது.

இதில் அதிகப்படியான கூச்சலும் இருந்ததை நாம் மறைக்கவில்லை. பயத்தை விற்றுக் காசு பார்த்த வியாபாரிகள் இருந்தார்கள். உலகமே முடியப்போகின்றது என்று பிரசங்கம் செய்த மத குருமார்கள் இருந்தார்கள். வீட்டில் மாவும் மெழுகுவர்த்தியும் வாங்கி அடுக்கியவர்கள் இருந்தார்கள். "இத்தாலி போன்ற தேசங்கள் அதிகம் செலவழிக்கவில்லையே, அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் கேட்பதும் நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், அவர்கள் உபயோகித்த யந்திரங்களிலும் கணக்குகளிலும் பெரும்பாலானவை மற்றவர்கள் திருத்தி விற்றவையே என்பதும், கம்ப்யூட்டரைக் குறைவாக நம்பியிருந்த இடத்தில் கெடுவதற்கும் குறைவாகவே இருந்தது என்பதுமாகும். பக்கத்து வீட்டுக்காரன் கொசுவை ஒழித்தால் நமக்கும் காய்ச்சல் வராமலிருக்கலாம். அதனால் கொசுவே பொய் என்று ஆகிவிடாது.

இரண்டு விதமான "ஒன்றும் நடக்கவில்லை"

இங்குதான் முக்கியமான விஷயத்துக்கு வருகின்றோம். 1962-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் ஒன்றுகூடுகின்றன, உலகம் அழியப் போகின்றது என்று ஜோசியர்கள் சொன்னார்கள். வட தேசமெங்கும் டின் டின்னாக நெய்யை நெருப்பில் ஊற்றி யாகங்கள் செய்தார்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. "யாகம் செய்ததால்தான் நடக்கவில்லை" என்று புரோகிதர்கள் சொன்னார்கள். அதைப் போலவே, "நாங்கள் திருத்தியதால்தான் நடக்கவில்லை" என்று கம்ப்யூட்டர்க்காரர்களும் சொல்லுகின்றார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு புத்திசாலி கேட்கலாம். நமது இயக்கத் தோழர்களிலேயே சிலர் இப்படிக் கேட்டு, எச்சரிக்கைகளெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதை நாம் பார்த்திருக்கின்றோம்.

இரண்டும் ஒன்றல்ல. எப்படியென்றால், கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு யந்திரத்தின் கடிகாரத்தை முன்கூட்டியே 1999 டிசம்பர் 31 இரவு 11 மணி 59 நிமிஷத்துக்குத் திருப்பிவைத்து, ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கெடுகின்ற யந்திரம் கண்ணெதிரே கெட்டது. திருத்தியபின் மறுபடியும் திருப்பி வைத்துப் பார்த்தால் கெடாமல் ஓடிற்று. யார் வேண்டுமானாலும், எந்த ஊரிலும், எந்த ஜாதிக்காரரும் செய்து பார்க்கலாம். யாகத்தை அப்படிச் சோதிக்க முடியுமா? நெய் ஊற்றாத ஊர் அழிந்ததா? யாகமே செய்யாத சீனாவும் ஐரோப்பாவும் அந்த பிப்ரவரியில் எங்கே போய்விட்டன?

ஆகவே பகுத்தறிவு என்பது எந்த எச்சரிக்கையையும் நம்பாமலிருப்பதல்ல. "எப்படிக் கெடும்? காட்டு" என்று கேட்பதும், காட்டினால் ஒப்புக்கொள்ளுவதும், காட்ட முடியாவிட்டால் தள்ளிவிடுவதுமேயாகும். இல்லாத ஆபத்துக்குப் பயப்படுகின்றவன் மூடன் என்றால், இருக்கின்ற ஆபத்தைச் சிரித்துத் தள்ளுகின்றவன் அவனைவிட மூடன்.

வெடிமருந்துச் சாலையிலும் இதே பேச்சு

இந்த நியாயம் சிவகாசிக்காரருக்கு விளங்காவிட்டால் உலகத்தில் வேறு யாருக்கு விளங்கும்? மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, உலோகச் சாமான் கூடாது, உராய்வு கூடாது, கலந்த மருந்தை மறுநாளைக்கு வைத்திருக்கக்கூடாது, அறைக்கும் அறைக்கும் மத்தியில் இவ்வளவு தூரம் விட வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. வருஷம் முழுதும் அந்த விதிப்படி நடந்த ஆலையில் ஒன்றும் நடப்பதில்லை. உடனே முதலாளியானவர், "ஒன்றும்தான் நடக்கவில்லையே, இந்தச் செலவெல்லாம் எதற்கு?" என்கின்றார். தீபாவளி நெருங்குகின்றது, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர் உட்காருகின்றார்கள், மரத்தடியிலும் மருந்து அடைக்கின்றார்கள், அறைகள் உள்குத்தகைக்குப் போகின்றன. அன்றும் ஒன்றும் நடப்பதில்லை. மறுநாளும் ஒன்றும் நடப்பதில்லை. மூன்றாம் நாள் நடக்கின்றது.

2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்களும் அதில் சேர்ந்து செத்தார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் இருபது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பிறகும் வருஷந்தோறும் பிணம் விழாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இழவு வீட்டில் கேட்கின்ற வார்த்தை என்ன? "விதி! அவள் தலையெழுத்து அவ்வளவுதான்!" என்பதே.

நடக்காதவரையில் "ஒன்றும் நடக்கவில்லையே" என்பது. நடந்துவிட்டால் "விதி" என்பது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், செய்ய வேண்டியவன் செய்தானா இல்லையா என்று கேட்பதற்கே இடமில்லாமல் அடைத்துவிடுகின்றார்கள். இது யாருக்கு லாபம்? மருந்து அடைக்கின்ற பெண்ணுக்கா? அல்லது பத்துப் பேரை ஓர் அறையில் உட்காரவைத்தவருக்கா? வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். தலையெழுத்து என்று ஒன்று இருக்குமானால், அது அந்த அறையில் எத்தனை பேரை உட்காரவைப்பதென்று முடிவு செய்கின்றவர் கையெழுத்தே தவிர வேறல்ல.

இனி வரப்போவது

தேதிக் கோளாறு 2000-ம் வருஷத்தோடு தீர்ந்துவிட்டது என்று நினைப்பதும் தப்பு. 2010 ஜனவரி 1-ந் தேதி ஜெர்மனி தேசத்தில் சுமார் 3 கோடி பாங்கிக் கார்டுகள் வருஷம் தெரியாமல் விழித்தன. 2022 ஜனவரி 1-ந் தேதி மைக்ரோசாப்ட் கம்பெனியின் தபால் யந்திரங்களில் கடிதங்கள் தேங்கி நின்றன. 2024 பிப்ரவரி 29-ந் தேதி நியூஸிலாந்தில், லீப் வருஷம் என்று ஒன்று உண்டென்பதை மறந்த கருவிகளால், ஆளில்லாப் பெட்ரோல் பம்புகள் பல மணி நேரம் பணம் வாங்க மறுத்தன. மூன்றிலும் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் சம்பளம் எடுக்கப் போனவனும், பெட்ரோலுக்கு நின்றவனும் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல.

இவற்றையெல்லாம்விடப் பெரியதொன்று 2038-ம் வருஷத்தில் காத்திருக்கின்றது. உலகத்தில் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் காலத்தை, 1970 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணியே கணக்கு வைக்கின்றன. பழைய யந்திரங்களில் அந்த எண்ணை வைத்திருக்கும் பெட்டி சிறியது. அதில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு மேல் கொள்ளாது. படி நிறைந்தபின் நெல்லை அளந்து போட்டால் வழிவதுபோல், அந்த எண்ணுக்குமேல் ஒரு வினாடி ஏறினாலும் கணக்குக் கவிழ்ந்து, யந்திரம் 1901-ம் வருஷம் டிசம்பர் மாதத்துக்குப் போய்விடும். 2022-ல் தபாலை நிறுத்தியதும் இதே எண்தான்; தேதியை எண்ணாகச் சேர்த்து எழுதியபோது அது 220 கோடியைத் தாண்டிவிட்டது. நமது கடிகாரப்படி 2038 ஜனவரி 19-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிஷம் 7 வினாடிக்கு அந்தப் படி நிறைகின்றது.

சிவகாசியில் அச்சாகி, இந்த நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகின்ற நாள் காட்டிகளில் இதைத் தேடிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ராகுகாலம் பிற்பகல் 3 முதல் 4.30 என்று போட்டிருக்கும். எமகண்டம் காலை 9 முதல் 10.30 என்று போட்டிருக்கும். 8.44-ஐப் பற்றி ஒரு வார்த்தையும் இராது. 1999 டிசம்பர் 31-ந் தேதி வெள்ளிக்கிழமைத் தாளிலும் 10.30 முதல் 12 வரையில் ராகுகாலம் என்று இருந்ததே தவிர, நடு இராத்திரிக்கு வரவிருந்த கண்டத்தைப் பற்றி ஒரு பஞ்சாங்கத்திலும் இருந்ததில்லை. தினந்தோறும் ஒன்றரை மணி நேரம் இல்லாத ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்துகின்ற தாள், உண்மையாய் வந்த ஆபத்தைச் சொல்லவில்லை. எண்ணத் தெரிந்தவன்தான் சொன்னான்.

புதிய போன்களிலும் பெரிய கம்பெனிகளின் யந்திரங்களிலும் பெட்டியைப் பெரிதாக்கிவிட்டார்கள். அபாயம் இருப்பது சின்ன இடங்களில்தான். அதாவது நம்மைப் போன்றவர்களிடத்தில்தான். பழைய விலைக்கு வாங்கிப் பதினைந்து இருபது வருஷம் ஓட்டப்படும் அச்சு யந்திரத்துக்குள்ளேயும், ஆலை வாசலில் வருகை பதிகின்ற பெட்டிக்குள்ளேயும், காமிராவுக்குள்ளேயும், மண்டியில் பில் போடுகின்ற யந்திரத்துக்குள்ளேயும் ஒரு சிறு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கின்றது. அதை யாரும் கம்ப்யூட்டர் என்று நினைப்பதில்லை. அது காலத்தைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? நமது ஊர்த் தொழில்கள் இரண்டும் தேதியை நம்பிய தொழில்கள். தீபாவளிக்கு மறுநாள் போய்ச் சேர்ந்த பட்டாசும், ஜனவரி கழித்துப் போய்ச் சேர்ந்த காலண்டரும் குப்பைக்குச் சமானம். லாரியில் போகும் சரக்குக்கு இ-வே பில் இத்தனை நாளைக்குத்தான் செல்லும் என்றிருக்கின்றது. வெடிமருந்து லைசென்சுக்குக் காலக்கெடு இருக்கின்றது. தொழிலாளியின் வருகை, வார சம்பளம், வைப்பு நிதி, முதியோர் பென்ஷன் எல்லாம் தேதியின்மேல் நிற்கின்றன. யந்திரம் 1901 என்று சொன்னால், ஆபீஸ் ஜன்னலில் இருப்பவர் யந்திரத்தைத்தான் நம்புவாரே தவிர, எதிரில் நிற்கின்ற கிழவியை நம்பமாட்டார். இன்றைக்கே, பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று எழுதிவிட்டு, பின்னால் அந்த எழுத்துக்காக அவர்களை அலையவைப்பதை நாம் பார்க்கவில்லையா?

செய்ய வேண்டியது

2038-க்கு இன்னும் காலம் இருக்கின்றதே என்பார்கள். 1971-லும் அப்படித்தான் சொன்னார்கள். மேலும் கோளாறு அந்த நாளில்தான் வரும் என்பதில்லை. பாங்கியில் பதினைந்து வருஷத் தவணைக்கு இன்று வீட்டுக் கடன் எழுதினால், அதன் கடைசித் தவணை அந்தத் தேதிக்கு அப்பால் போய்விடுகின்றது. முன்னால் எண்ணிப் பார்க்கின்ற யந்திரம் முன்னாலேயே தவறும். 1999-ல் கார்டுக் கருவி நான்கு நாள் முந்தித் தவறியதைப் போல.

ஆகவே வியாபாரிகளுக்கும் ஆலைக்காரர்களுக்கும் நாம் சொல்லுவது சாமானியமான காரியங்களே. வருஷத்தை எங்கும் நான்கு எண்ணில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் உள்ள எந்தச் சாமானை வாங்கினாலும், "2038-க்குப் பிறகும் இது தேதியைச் சரியாகக் காட்டுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தேதி கேட்கின்ற கருவி உங்கள் இடத்தில் எத்தனை இருக்கின்றன என்று ஒரு ஜாபிதா எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, எந்த வருஷம் வாங்கியது என்றும் பக்கத்தில் குறியுங்கள். தெரிந்த ஆளைக்கொண்டு, ஓடுகின்ற யந்திரத்தில் அல்லாமல், தனியாக எடுத்த நகலில் கடிகாரத்தைத் தள்ளிவைத்துச் சோதியுங்கள். கணக்கைக் காகிதத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்காரும், ஏழை ஜனங்களின் பென்ஷன், ரேஷன், கூலி முதலியவை ஓடுகின்ற யந்திரங்களைச் சோதித்து, இன்னது சரி, இன்னது திருத்தப்பட வேண்டியது என்று பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுகின்றோம். "ஒன்றும் நடக்கவில்லையே" என்று எவராவது சொன்னால், "ஏன் நடக்கவில்லை?" என்று திருப்பிக் கேளுங்கள். "நாங்கள் விதிப்படி செய்தோம், அதனால் நடக்கவில்லை" என்று பதில் வந்தால் நல்லது. அதையே நாளைக்கும் செய்யச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், இன்னும் நடக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

கடைசியாக, சிவகாசி அச்சுத் தொழிலதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். சீமைக் குச்சிக்குப் பதிலாக நம் ஊரிலேயே தீக்குச்சி செய்ய வேண்டுமென்று 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கைகளால் கற்றுவந்ததில் ஆரம்பித்த ஊர் உங்கள் ஊர். மழை பெய்யாத பூமியில் அறிவையும் உழைப்பையும் கொண்டு பிழைத்துக் காட்டிய ஊர். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டரின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுகின்றீர்களே, அந்த நாள் தாளில் ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் சூலத்துக்கும் ஒதுக்குகின்ற இடத்தில் நாளைக்கு ஒரு வரி வீதம் உபயோகமான எச்சரிக்கையைப் போட்டால் என்ன? "மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் இராதே" என்று ஒரு நாள். "வருஷத்தை நான்கு எண்ணில் எழுது" என்று ஒரு நாள். "அடிபட்டவரைக் காப்பாற்றக் கூட்டமாய் ஓடாதே, இரண்டாவது வெடி வரும்" என்று ஒரு நாள். முந்நூற்று அறுபத்தைந்து தாளுக்கு முந்நூற்று அறுபத்தைந்து சங்கதி கிடைக்காமலா போகும்?

ராகுகாலத்தைப் பார்த்துப் புறப்பட்டவர்களும் முதலிப்பட்டியில் மாண்டிருப்பார்கள்; பாராமல் புறப்பட்டவர்களும் மாண்டிருப்பார்கள். அந்த ஆலையில் விதிப்படி வேலை நடந்திருந்தால் இரண்டு பேரும் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். அப்போது ஊரார், "இன்று ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றும் நடக்காத நாளை மனிதன்தான் உண்டாக்குகின்றான். கிரகம் உண்டாக்குவதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.